‘எல்லாம் மாயை’யில் வழுக்கி விழாமல் அத்வைதம் படிப்பது எப்படி

வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் சிலர் கூடி வேதாந்தம் படிக்கிறோம், அதிலும் ஆன்மாவும் பிரம்மம் என்ற முழுமுதற்பொருளும் இரண்டல்ல, ஒன்றே என்னும் சங்கரரின் அத்வைதம். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். ஞானியும் இல்லை, யாருக்கும் குருவும் இல்லை. பாட்டைப் பதம் பிரித்துப் பொருள் சொல்ல வரும். அந்த உரிமையில்தான் முன்னால் உட்காருகிறேன். வருகிறவர்களில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அக்கா உண்டு, துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் தம்பி உண்டு, பாலிடெக்னிக் படிக்கும் பையன் உண்டு. புதிதாக யார் வந்தாலும் ஆன்ம ஞானம் பற்றி ஒரு மூட்டை நினைப்போடுதான் வருவார்கள். பாதி பக்திப் படத்திலிருந்து வந்தது, மீதி செல்போனில் ஓடும் ஒரு நிமிட வீடியோவிலிருந்து. அதை இறக்காமல் படிக்கத் தொடங்கினால், எந்த வரியைப் படித்தாலும் ஏற்கெனவே நினைத்திருந்ததற்கே அது சாட்சி சொல்வதுபோலத் தோன்றும். அதனால் இறக்கும் முறையை முதலில் சொல்கிறேன்.

ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: “இது வந்ததா?” ஞானம் என்று யார் எதைக் காட்டினாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். புருவ மத்தியில் நீல வெளிச்சம் தெரிந்தது என்கிறார்கள். வந்ததா? வந்தது. அப்படியென்றால் போகும். முதுகுத்தண்டில் சுரீரென்று ஏறியது, உடம்பு காற்றுபோல ஆனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. எல்லாம் வந்தவை, ஆகவே எல்லாம் போகிறவை. அத்வைதம் ஆன்மா என்று சொல்வது வருகிற பொருளே இல்லை. அந்த வெளிச்சம் வருவதற்கு முன்னால் அது இல்லை என்று யாருக்குத் தெரிந்தது, வந்தபோது வந்தது என்று யாருக்குத் தெரிந்தது, போனபின் ஐயோ போய்விட்டதே என்று யாருக்குத் தெரிகிறது, அந்தப் பக்கம் திரும்பு என்கிறது சாஸ்திரம். வெளிச்சத்தைப் பார்த்தவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருப்பார். தியானத்தில் அதெல்லாம் நடக்கும். அதற்கு ஞானம் என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் கோயிலையே காட்டுவேன். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள்தான் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுப்பார்கள். அந்த மூன்று நாளும் கூட்டம் நெரியும். கவசத்தை எடுத்த அன்றைக்கா லிங்கம் உண்டாகிறது? இந்த உவமை இதுவரைக்கும்தான் வரும். நாலாம் நாள் மறுபடி மூடிவிடுகிறார்களே என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அத்வைதத்தில் அறியாமை ஒருமுறை போனால் திரும்பி வந்து மூடாது.

சரி, சமாதி? பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணமே இல்லாமல் மணிக்கணக்காக உட்கார்ந்தால் ஞானம் என்று நினைப்பு. இதற்குச் சங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான பாஷ்யத்திலேயே இடம் கொடுத்துப் பேசியிருக்கிறார். தூக்கத்திலும் சமாதியிலும் வேற்றுமைகள் இயல்பாகவே ஒடுங்கிவிடுகின்றன; ஆனால் தப்பான அறிவு இன்னும் போகாமல் இருப்பதால், எழுந்ததும் பழையபடி வேற்றுமை வந்துவிடுகிறது என்கிறார். டிரெய்லர் தம்பி இதைக் கேட்டுவிட்டு, “நைட் ஷிப்ட் முடிச்சி வந்து அடிச்சிப்போட்ட மாரி தூங்குறேன் டீச்சர், ஒரு நெனப்பும் கிடையாது. எழுந்தா அதே டியூ, அதே முதலாளி” என்றான். பாஷ்யத்துக்கு அதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனம் அடங்கப் பழகுவது வீண் இல்லை. அலைபாயும் மனத்துக்கு எதைச் சொன்னாலும் ஏறாது. சமாதியை எந்த அளவுக்கு வற்புறுத்துவது என்பதில் அத்வைதிகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. பிற்காலத்து வித்யாரண்யர் மனோநாசம் (மனம் அடங்கி ஒழிதல்), வாசனை ஒழிப்பு (பழைய பதிவுகள் தேய்தல்) இரண்டையும் ஞானத்தோடு சேர்த்து விரிவாகப் பேசுகிறார். நீங்கள் இப்போதே அதில் கட்சி சேர வேண்டியதில்லை.

இனி பத்தாமவன் கதை. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதித் தப்பெண்ணம் தானாக விழும். அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன். பத்துப் பேர் ஒரு ஆற்றைக் கடந்தார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணினான். ஒன்பது. இன்னொருவன் எண்ணினான், அவனுக்கும் ஒன்பது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். பத்தாமவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வழியில் போன ஒருவர் பார்த்தார். “பத்தாமவன் சாகவில்லை, இருக்கிறான்” என்றார். அழுகை கொஞ்சம் நின்றது. பிறகு எண்ணச் சொல்லி, ஒன்பது வந்ததும் எண்ணினவனைக் காட்டி, “பத்தாமவன் நீதான்” என்றார்.

இதைத் தமிழில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதமும் வடமொழியில் வித்யாரண்யரின் பஞ்சதசியும் ஏழு நிலையாகப் பிரித்துக் காட்டுகின்றன: அஞ்ஞானம், ஆவரணம், விட்சேபம், பரோட்ச ஞானம், அபரோட்ச ஞானம், துன்பம் நீங்குதல், ஆனந்தம். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம், கதையில் வைத்துப் பாருங்கள். பத்தாமவன் யாரென்று தெரியாதது அஞ்ஞானம். இல்லவே இல்லை என்று சாதித்தது ஆவரணம். ஆற்றோடு போனான் என்று அழுதது விட்சேபம். இருக்கிறான் என்று பெரியவர் சொல்ல நம்பியது பரோட்சம். நானேதான் என்று தெரிந்தது அபரோட்சம். மீதி இரண்டும் தாமாக வரும்.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நினைப்புகளைச் சோதியுங்கள். பத்தாமவனைக் கண்டுபிடிக்கத் தவம் செய்ய வேண்டியிருந்ததா? ஆற்றில் இறங்கித் தேட வேண்டியிருந்ததா? புதிதாக ஒருவன் பிறந்தானா? கண்டுபிடித்தபோது வானத்தில் மணி அடித்ததா? ஒன்றும் இல்லை. எண்ணிக்கையில் இருந்த பிழை போயிற்று. சரியான நேரத்தில் சரியான ஆள் சொன்ன ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ‘அது நீயே’ என்று ஒன்பது தடவை சொல்வதும் இந்த வாக்கிய வேலைதான். ஒன்பது தடவை ஏன்? ஒவ்வொரு தடவையும் பையன் “இன்னும் சொல்லுங்கள்” என்று கேட்கிறான். அப்பா வேறு உதாரணத்தோடு வருகிறார். ஒரே வீடியோவில் தெளிந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பேன்.

கதை அதோடு முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்களே, அந்தக் காயம்? பஞ்சதசி அதையும் விடவில்லை. பத்தாமவன் தான்தான் என்று தெரிந்ததும் அழுகை நின்றுவிடும், காயம் மட்டும் மெல்ல மெல்ல ஒரு மாதத்தில் ஆறும் என்கிறது. ஏற்கெனவே பலன் தரத் தொடங்கிவிட்ட வினை, பிராரப்தம் என்று அத்வைதம் சொல்வது இதைத்தான். உடம்பு தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் போகும்.

ஞானிக்கு நோய் வராது, வந்தால் அவர் ஞானி இல்லை என்ற நினைப்புக்கு இங்கே மருந்து இருக்கிறது. ராமகிருஷ்ணர் 1886-இல் தொண்டைப் புற்றால் போனார். ரமணருக்கு இடது கையில் கட்டி வந்து, நான்கு தடவை அறுவை சிகிச்சை செய்தும் நிற்காமல், 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி உடம்பு விழுந்தது. மும்பையில் பீடிக் கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜும் 1981-இல் தொண்டைப் புற்றால்தான் போனார். வலிக்கவில்லை என்று இவர்கள் நடிக்கவில்லை. ஆகவே ஒருவர் ‘ஞானம் வந்தால் சர்க்கரை நோய் போய்விடும்’ என்று சொன்னால், அவர் விற்கிற சரக்கு வேறு. மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை எழுத வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது மாயை. எங்கள் மாடியில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். பாலிடெக்னிக் பையன் வந்த புதிதில் கேட்டான்: “எல்லாம் மாயைன்னா எதுக்கு டீச்சர் கரண்ட் பில்லு கட்டணும்?” அவனுக்கு அது விளையாட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது அது விளையாட்டாக இல்லை. காசிமேட்டு அக்காவின் தங்கை வீடு எண்ணூர்ப் பக்கம். வலை, படகு எல்லாம் கறுப்பு. யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து, இதெல்லாம் மாயை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா மாடிக்கு வந்து கேட்டாள்: “வலை மாயைன்னா கடனும் மாயைதானே? அத்த மட்டும் ஏன் டீச்சரம்மா மாசாமாசம் வந்து கேக்குறானுங்க?”

அக்காவின் கேள்வியில் அத்வைதத்தின் விடையே இருக்கிறது. வலை எந்த நிலையில் உண்மையோ அதே நிலையில்தான் கடனும் உண்மை. ஒன்றை மட்டும் மாயைக் கணக்கில் தள்ளக் கூடாது. சங்கரர் வழியில் மூன்று படி சொல்வார்கள். கனவிலும் கயிற்றில் தெரியும் பாம்பிலும் உள்ளது பிராதிபாசிகம், பார்க்கிறவனுக்கு மட்டும், பார்க்கும்வரை மட்டும். வீடு, வலை, கடன், பசி, நீதிமன்றம் எல்லாம் வியாவகாரிகம். எல்லாருக்கும் பொது, காரியத்துக்கு உதவும், காரணத்தைத் தேடினால் கிடைக்கும், இழப்பீடு கேட்கலாம். மூன்றாவது பாரமார்த்திகம், பிரம்மம் ஒன்றே. மேல் படியிலிருந்து பார்க்கும்போது கீழ்ப்படிக்குத் தனியாக ஒரு நிலைப்பு இல்லை என்பதுதான் வாதம். சாந்தோக்கியம் சொல்லும் மண்ணும் பானையும் அப்படித்தான்: மண்ணை எடுத்துவிட்டால் பானை என்று எதுவும் மிஞ்சாது, அதற்காகப் பானையில் தண்ணீர் மொள்ள முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அடியோடு இல்லாததற்கு இவர்கள் காட்டும் உதாரணம் முயல் கொம்பு. உலகம் முயல் கொம்பு என்று சங்கரர் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ‘மாயை’ என்று வாயில் வரும்போதெல்லாம் யாருடைய துன்பத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் கோபத்தை, உங்கள் பெருமையைப் பார்த்துச் சொன்னால் அதில் பயன் உண்டு. அடுத்தவர் வீட்டு இழவில் போய்ச் சொன்னால் அது வேதாந்தம் இல்லை, வாய்க்கொழுப்பு.

‘நானே கடவுள்’ என்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கத்து வழுக்கல். காலடிப்பேட்டையில் இந்த நம்பர் வீட்டில் இருக்கும், முட்டிவலிக்காரியான நான் உலகத்தைப் படைத்தேன் என்று அத்வைதம் சொல்லவில்லை. அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அன்று காசியில் பார்த்த தேவதத்தன்தான் இன்று இங்கே நிற்கிறான் என்கிறோம். அன்று, காசி என்பதையும் இன்று, இங்கே என்பதையும் கழித்துவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதேபோல ஈசனிடமிருந்து எல்லாம் வல்ல தன்மையையும் சீவனிடமிருந்து சிற்றறிவையும் கழித்தால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒரே சித்து, அதாவது தூய அறிவு. கழித்த பிறகுதான் சமன். கழிக்காமல் ‘நான் பிரம்மம்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் அகந்தைக்குப் புதுச் சட்டை போட்டதாகத்தான் ஆகும். வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள், அவர்கள் முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குடும்பத்தை விட வேண்டுமா, சமஸ்கிருதம் வேண்டுமா, எந்தச் சாதி வேண்டும் என்ற கேள்விகளுக்கு நான் வியாசர்பாடியைக் காட்டுவேன். அங்கே கரபாத்திர சுவாமிகள் என்று ஒரு வேதாந்தி இருந்தார். கையையே பாத்திரமாக வைத்து உண்டதால் அந்தப் பெயர். அவரிடம் வந்து வேதாந்தம் படித்தவர் ஆரணிப் பக்கத்து ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1890-இல் பிறந்த சகஜானந்தர். படித்துவிட்டுக் குகைக்குள் போகவில்லை. சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார், சட்டமன்ற உறுப்பினராக இருந்து தம் மக்களுக்காக வாதாடினார். உலகம் முயல் கொம்பு என்று நினைத்த வேதாந்தி பள்ளிக்கூடம் கட்டியிருக்க மாட்டார். சங்கரர் பெயரில் வழங்கும் மனீஷா பஞ்சகத்தின் கதையும் இதே பக்கம்தான்: காசித் தெருவில் ‘விலகு’ என்ற சங்கரரைப் பார்த்துச் சண்டாளர் கேட்கிறார், விலக வேண்டியது உடம்பா, ஆன்மாவா என்று. துறவைப் பொறுத்தவரை, சங்கரர் அதற்கு உயர்ந்த இடம் கொடுத்தார் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் உபநிடதத்தில் ஞானம் பேசும் ஜனகர் அரசாண்டவர். வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களை ரமணர் ஊக்கப்படுத்தவில்லை. விட்டுவிட்டுப் போகும் மனமும் கூடவே வருமே என்பது அவர் கேள்வி.

அந்த ரமணரின் ‘நான் யார்?’ விசாரணையையும் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து ‘நான் யார், நான் யார்’ என்று நூற்றெட்டு எண்ணுவது. அது ஜபிக்கும் மந்திரம் இல்லை என்று கேட்டவர்களுக்கு அவரே விளக்கியிருக்கிறார். எண்ணம் எழுந்ததும், இது யாருக்கு எழுந்தது என்று பார்ப்பது. எனக்கு என்றால், அந்த நான் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. வாயால் பதில் சொல்லிவிட்டால் விசாரணை நின்றுபோகும். ‘நான் ஆன்மா’ என்று டக்கென்று சொல்லும் பையனிடம், பரீட்சைக்கு மனப்பாடம் செய்த மாதிரி சொல்லாதே என்று அதட்டுவேன். பழைய வாத்தியார் புத்தி, போகவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. ‘எல்லா மகான்களும் ஒன்றைத்தான் சொன்னார்கள்’ என்று எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டாதீர்கள். எங்கள் வட்டாரத்தில் இது ரொம்ப நடக்கும். கடற்கரையோரம் பட்டினத்தார் அடங்கிய இடம், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து பாடிய வள்ளலார், கோயிலில் தேவாரம். எல்லாரையும் கும்பிடுகிறோம், சரி. ஆனால் சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. அங்கே மாயை உள்பொருள், உலகத்துக்கு மூலப்பொருளே அதுதான். வள்ளலார் பிற்காலத்தில் பேசிய மரணமிலாப் பெருவாழ்வில் உடம்புக்கே அழியாமை உண்டு. அத்வைதிக்கு உடம்பின் அழியாமை ஒரு பொருட்டே இல்லை. ராமானுசரோ சங்கரரின் மாயைக் கொள்கையையே வரிவரியாக மறுத்தவர். இவர்கள் ஆயிரம் ஆண்டு வாதம் செய்தது பொழுது போகாமல் இல்லை. ஒன்றை அதன் கணக்கிலேயே படியுங்கள். நானே ஞாயிற்றுக்கிழமை அத்வைதம் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதியில் கண்ணீர் விடுகிறவள்தான். அதைச் சங்கரர் தடுக்கவில்லை.

தகுதி பற்றிச் சுருக்கமாக: நிலையானது எது, நிலையாதது எது என்று பிரித்துப் பார்க்கும் விவேகம், பலனில் பற்று விடுதல், மன அடக்கம் புலனடக்கம் முதலிய ஆறு, விடுதலை வேண்டும் என்ற தவிப்பு, ஆக நான்கு. நான்கும் நிரம்பிய பிறகுதான் புத்தகத்தைத் தொடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், படிக்கப் படிக்க வளரும். ஆனால் ஞானிக்குப் பாவம் புண்ணியம் இல்லை என்ற வரியை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டு கள்ளக்கணக்கு எழுதுகிறவர் தகுதியில் கைவைக்காமல் தாண்டிவிட்டார் என்று பொருள்.

எங்கே போய்ப் படிப்பது? மண்டபம் பிடித்து, இரண்டு நாளில் ஆன்ம அனுபவம் உறுதி என்று கட்டணம் வாங்கும் முகாமுக்கு எங்கள் ஆட்கள் சிலர் போய்வந்தார்கள். இருட்டில் பாட்டு, கண் கட்டு, அழுகை, கடைசியில் அடுத்த நிலைக்குக் கூடுதல் கட்டணம். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார். போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த நூலை நடத்துகிறீர்கள்? சந்தேகம் கேட்க நேரம் உண்டா? இரண்டுக்கும் மழுப்பினால் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வீட்டில் தொடங்க ‘நான் யார்?’ சின்னப் புத்தகம் போதும். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். பிறகு கைவல்ய நவநீதத்தை உரையோடு வாங்குங்கள். வாரத்துக்கு நான்கைந்து பாட்டுக்கு மேல் போகாதீர்கள். சத்தம் போட்டுப் படியுங்கள், விருத்தம் காதில் விழுந்தால் பாதிப் பொருள் பிடிபடும். தனியாகப் படிப்பதைவிட இன்னொருவரோடு படிப்பது மேல், எதிர்த்துக் கேட்க ஆள் வேண்டும். எழும் சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நூலின் இரண்டாம் படலமே சந்தேகம் தெளிதல்தான். உங்கள் சந்தேகத்தை அந்தச் சீடன் ஏற்கெனவே கேட்டுவிட்டானா என்று முதலில் அங்கே தேடுங்கள். கேட்காத ஒன்று மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். கத்திரி வெயிலில் மட்டும் ஆறரைக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் எங்கள் மாடித் தரையில் கால் வைக்க முடியாது.